கன்னி மூலைத் தகரம்

மாட்டேன் என்ற சொல் யஹ்யாவின் வாயில் வராது. தென்காசியில் தகரக் கூரை போட யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டால் நாலு பேரில் மூன்று பேர் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். வேலை சுத்தமாக இருக்கும் என்பது ஒரு காரணம். எதைச் சொன்னாலும் "சரிண்ணாச்சி" என்று தலையாட்டுவான் என்பது அதைவிடப் பெரிய காரணம். சரிவைக் குறை என்றால் சரி. ஸ்க்ரூவைப் பள்ளத்தில் அடி என்றால் அதற்கும் சரி. சொன்னவர் டீ குடிக்க நகர்ந்ததும் ஸ்க்ரூ எங்கே போக வேண்டுமோ அங்கே, தகரத்தின் மேட்டில் போய் உட்காரும். தான் சொன்னபடியே நடந்ததாக வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார், கூரையும் ஒழுகாது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது யஹ்யாவின் கட்சி.

சவூதியின் தம்மாமில் பெரிய பெரிய கிட்டங்கிகளுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் பிடித்த பழக்கம் இது. அங்கே ஃபோர்மேன் கத்துவான், இவன் தலையாட்டுவான், அவன் முதுகைத் திருப்பியதும் சரியானதைச் செய்வான். எதிர்த்துப் பேசியவர்களெல்லாம் விமானம் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். யஹ்யா தங்கி, சம்பாதித்து, வீடு கட்டி, தானாக விரும்பித்தான் திரும்பினான். "இவுக என்னையக் கட்டுனதே, பெரியவுக கேட்டப்போ வாய் தவறிச் சரின்னு சொன்னதாலதான்" என்று அவன் மனைவி அலிமா விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பாள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஊருக்கு வந்த நாளிலிருந்து அவனோடு வேலை செய்பவன் வல்லத்துச் சுடலையாண்டி. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருவன் மேலே நின்றால் மற்றவன் கீழே என்ன எடுக்க வேண்டும் என்பது பேசாமலே தெரியும். வல்லம் பக்கம் வேலை என்றால் யஹ்யாவுக்கு மத்தியானச் சாப்பாடு சுடலையாண்டி வீட்டில்தான். அவன் மனைவி தங்கத்தாய், "எங்க அண்ணன் வந்துருக்காவ" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் சோறு போடுவாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத யஹ்யாவுக்கு அந்த ஒரு சொல் போதும், இரண்டு கை சோறு கூடவே இறங்கும்.

இந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செங்கோட்டைக்கு மேற்கே மலை ஓரிடத்தில் தாழ்ந்து வழி விட்டிருக்கிறது. கேரளத்துக்கு லாரி போவது அந்த வழியில், காற்று வருவதும் அந்த வழியில். வெளியூர்க்காரர்களுக்குச் சீசன் என்றால் குற்றாலமும் சாரலும் எண்ணெய்த் தேய்ப்பும். புளியறையிலிருந்து தென்காசி வரை தகரத்துக்கு அடியில் இருப்பவர்களுக்குச் சீசன் என்றால் மேல்காற்று. ஆனி பிறந்து ஆடி முடிகிறவரைக்கும் தகர வேலைக்காரன் எவனும் கூரைமேல் ஏற மாட்டான். காற்றில் தூக்கின தகரத்துக்கு முன்னால் ஆள் நிற்க முடியாது, அது அரிவாள்.

தகரம் போடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறி உட்கார வேண்டும். ஏறி உட்காரும் ஓரம் மேற்கைப் பார்த்திருந்தால் காற்று அதற்குள் விரலை விட்டு நெம்பும். அதனால் கிழக்கு முனையில் ஆரம்பித்து மேற்காக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அப்போது வருகிற காற்று முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் கொட்டகை கட்டுகிறவர்களுக்கு எந்த வேலையும் கன்னி மூலையில் தொடங்கியாக வேண்டும். அது தென்மேற்கு மூலை, பிள்ளையாருக்கு உரிய இடம். அங்கே தொடங்கிக் கிழக்கே போனால் அத்தனை ஓரமும் காற்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

யஹ்யா இதற்கு ஒரு வழி வைத்திருந்தான். முதல் தகரத்தைக் கன்னி மூலையிலேயே வைத்து இரண்டு ஸ்க்ரூ அடிப்பான். தேங்காய் உடையும், சூடம் காட்டுவார்கள், அவனுக்கும் ஒரு வாழைப்பழம் கிடைக்கும். சொந்தக்காரர் அந்தப் பக்கம் போனதும் சுடலையாண்டி அந்த இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றுவான். வேலை கிழக்கே தொடங்கி, கடைசியாக அதே தகரம் அதே மூலையில் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்காரும். சாஸ்திரத்துக்கும் ஆச்சு, காற்றுக்கும் ஆச்சு. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

வைகாசி கடைசியில் ஜெகதீஸ்வரன் கூப்பிட்டார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வல்லத்துக்கு வெளியே வயல்காட்டில் கறவை மாடுகளுக்காக நீளமாக ஒரு தொழு கட்டியிருந்தார். இரும்புத் தூண்கள் நட்டு, குறுக்குக் குழாய்களும் வைத்தாகிவிட்டது. ஒற்றைச் சரிவுக்குத் தகரம் மட்டும் போட வேண்டும். சீசனுக்கு முன்னால் மாடுகள் உள்ளே போயாக வேண்டும் என்றார். சுடலையாண்டி அந்த வாரம் திருவேங்கடம் பக்கத்தில் தன் குலதெய்வத்துக் கொடைவிழாவுக்குப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று யஹ்யா சொல்லியிருக்கலாம். "சரிண்ணாச்சி" என்றுதான் சொன்னான். கடையநல்லூரிலிருந்து இரண்டு கூலியாட்களைப் பிடித்துக்கொண்டு போனான்.

ஜெகதீஸ்வரன் டீ குடிக்கப் போகிற ஆள் இல்லை. டீ அவரிடம் வந்தது. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஸ்டேஷனில் உட்காருவது போலக் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார். கன்னி மூலையில் முதல் தகரம் ஏறியது, சூடம் காட்டியாயிற்று. யஹ்யா டிரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிழக்கு முனைக்கு நடந்தான்.

"எங்க போற?"

"கிழக்க இருந்து ஏத்திட்டு வாரேன் அண்ணாச்சி."

"கன்னி மூலையில தொடங்குன வேலைய அங்கன இருந்துதான் கொண்டு போவணும். பாதியில விட்டுட்டு எதிர்மூலைக்குப் போனா அது என்ன தொடக்கம்?"

"மேல்காத்து அடிச்சா ஓரம் தூக்கும் அண்ணாச்சி. அதுக்காவத்தான்..."

ஜெகதீஸ்வரன் சிரித்தார். "பாய், பள்ளிவாசல்ல எந்தப் பக்கம் திரும்பித் தொழணும்னு நான் வந்து உனக்குச் சொல்லுதனா?"

கூலியாட்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தமாஷாகச் சொன்னார், அதனால் பதில் சொல்ல வழியில்லாமல் போயிற்று. உங்கள் சாமி வேறு, காற்று வேறு அண்ணாச்சி என்று சொல்லலாம். சொன்னால் அது எங்கே போய் முடியுமோ என்று யஹ்யாவுக்குப் பயம். முகம் சுட்டது. "சரிண்ணாச்சி" என்று திரும்பி வந்தான்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு தகரமாக முந்தியதன் அடியில் செருகிக்கொண்டே போகலாம். ஆனால் ஒருவன் தூக்கிப் பிடிக்க, மற்றவன் நூல் பிடித்தது போலச் செருக வேண்டும். சுடலையாண்டி இருந்தால் நடக்கும், சிரித்துக்கொண்டிருக்கும் இந்த இரண்டு பேரை வைத்து நடக்காது. அது ஒரு சாக்குதான் என்பது யஹ்யாவுக்கே தெரியும். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. உன் தொழு, உன் மூலை, உன் மாடு. பறந்தால் பறக்கட்டும், அப்போது வந்து என்னிடம் திசை கேள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் மனசுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே சாயங்காலத்துக்குள் அத்தனை தகரத்தையும் தப்பாகப் போட்டு முடித்தான். வெளிக்குப் பார்க்க வேலை படு நேர்த்தி. ஜெகதீஸ்வரன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

நாலைந்து நாள் கழித்து அவரே போன் செய்தார். பால் கறக்க, தொழுவைக் கூட்டிப் பெருக்க நம்பகமாக ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்றார். தங்கத்தாய் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் பாத்திரம் கழுவப் போய், தண்ணீரிலேயே நின்று காலெல்லாம் புண்ணாகி, வேறு வேலை பார்க்கச் சொல்லி யஹ்யாவிடம் கேட்டிருந்தாள். தங்கத்தாயை அனுப்புவதாக இங்கே ஒரு சரி, அங்கே ஒரு சரி. இரண்டு பேருக்கும் நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவில் யஹ்யா போனை வைத்தான். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. அந்தத் தொழுவுக்கு மேலே தான் போட்ட தகரம் இருக்கிறது என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

அவள் வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள், அஸர் தொழுகைக்கு ஒளுச் செய்ய உட்கார்ந்து, கையில் தண்ணீரை அள்ளியபோதுதான் ஏறியது. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று. பறந்தால் பறக்கட்டும் என்று அவன் சொன்னது ஜெகதீஸ்வரனின் தகரத்தைத்தான். இப்போது அதன் கீழே காலையும் மாலையும் தங்கத்தாய் குந்தி உட்கார்ந்து பால் கறப்பாள்.

ஆனி பிறந்தது. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது, ரோட்டோரமெல்லாம் பலாச்சுளையும் மங்குஸ்தானும் வந்து குவிந்தன. யஹ்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. காற்று கொஞ்சம் பலமாக ஜன்னலை ஆட்டினாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வல்லத்துக்குப் போவான். தொழுவுக்கு எதிரே ரோட்டில் நின்று ஓரங்களையே பார்ப்பான். தங்கத்தாய் கண்டால் கூப்பிட்டு ஒரு தம்ளர் பால் தருவாள். "என்னண்ணே, ஆனியில உங்களுக்கு இங்கன என்ன வேல?" என்பாள். சும்மாதான் என்பான் இவன்.

சுடலையாண்டியிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் டீக்கடைக்குக் கூட்டிப் போனான். வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "பாய், அவ கால் புண்ணு ஆறிட்டு. நல்லாத் தூங்குதா. உன் புண்ணியம்லே." அதற்குமேல் யஹ்யா என்ன சொல்ல முடியும்? கூட ஒரு வடை வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

கடைசியில் அலிமாவிடம்தான் கொட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கே போயி அந்தச் சுடலையண்ணங்கிட்டச் சொல்லுங்க. அவுக பொஞ்சாதிய ரெண்டு மாசம் அங்கன விட வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்னு கேப்பான்."

"கேக்கத்தான் செய்வாக. தெரிஞ்சே போட்டேன்னு சொல்லுங்க. திட்டுவாக, வாங்கிக்கிடுங்க."

"சரி."

"எங்கிட்டயும் சரியா?" என்றாள் அலிமா. "ஒங்க சரிய நம்பி ஒரு பொம்பள தகரத்துக்குக் கீழ இருக்கா. யோசிச்சுப் பாருங்க."

அவன் யோசித்தான், ஆனால் போகவில்லை. இன்றைக்குக் காற்று குறைவாகத்தான் இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் ஒத்திப்போட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் வாசலில் செருப்புகள் தாமாகவே நகர்ந்துகொண்டிருந்தன. புளியறைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் கூரை அப்படியே கிளம்பி, நின்றுகொண்டிருந்த லாரிமேல் போய் விழுந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். யஹ்யா தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். வீட்டுக்குப் போய் பேட்டரி டிரில், ஒரு கட்டு இரும்புப் பட்டை, கயிறு, பை நிறைய ஸ்க்ரூ எல்லாவற்றையும் வண்டியில் வைத்துக் கட்டினான். காற்றுக் காலத்தில் தகரங்களைக் கழற்றி மாற்றிப் போட முடியாது. ஆனால் ஒவ்வொரு ஓரத்தின்மேலும் பட்டையை வைத்து நெருக்கி ஸ்க்ரூ அடித்துவிட்டால் காற்றுக்கு விரல் விட இடம் இருக்காது. சாயங்காலக் கறவைக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். அப்போதும் அவன் புத்தி யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடுவதில்தான் போயிற்று.

"இந்தக் காத்துல எவனாவது மேல ஏறுவானா?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரன். அவர் தொழுவை ஒட்டிய ஓட்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மூணு வாஷர் சரியில்லண்ணாச்சி. மாத்திட்டு இறங்கிருதேன்."

"கன்னி மூலைத் தகரத்துல கைய வச்சிராத."

"சரிண்ணாச்சி."

ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்ததும் காற்று சட்டைக்குள் புகுந்து அவனைப் பின்னால் இழுத்தது. அங்கே நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பல்லி மாதிரி ஒட்டிப் படுத்துக்கொண்டு நகர வேண்டும். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை உயரப் பக்கத்துக் குழாயில் முடிந்தான். ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தபோது அவன் பயந்தது நிஜமாக இருந்தது. ஒவ்வொரு ஓரமும் மூச்சு விடுவது போல மெல்ல எழுந்து எழுந்து தணிந்தது. ஸ்க்ரூக்களைச் சுற்றித் துளைகள் பெரிதாகியிருந்தன. இன்னும் நாலு நாள் தாங்கியிருக்காது.

மேற்கிலிருந்து தொடங்கிப் பட்டையை வைத்து அடித்துக்கொண்டே போனான். ஒரு ஓரம் முடிய, அடுத்ததற்கு நகர. சாரல் வந்து தகரம் வழுக்கியது. பாதிக்குமேல் முடிந்திருந்தபோது கீழே வரப்பில் தங்கத்தாய் பால் வாளியோடு வருவது தெரிந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டாள்.

"தங்கத்தாயி, உள்ள போவாத!" என்று கத்தினான். காற்று அதை வாங்கிக்கொண்டு கிழக்கே போய்விட்டது. அவள் நிமிர்ந்து பார்த்து, அண்ணன் மேலே வேலை செய்கிறார் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவன் தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தான். வேலைச் சத்தம் என்று நினைத்திருப்பாள்.

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது. தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டன. பட்டை அடித்த ஓரங்கள் அதிர்ந்தன, ஆனால் பிடித்துக்கொண்டன. அவனுக்கு இரண்டு முழம் தள்ளி, இன்னும் பட்டை ஏறாத தகரத்தின் ஓரம் படபடவென்று எழுந்தது. ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. யஹ்யா யோசிக்கவில்லை. அதன்மேல் பாய்ந்து குப்புற விழுந்தான். தகரம் அவனையும் சேர்த்துத் தூக்கியது, கீழே போட்டது, மறுபடி தூக்கியது. வலது கையால் ஓரத்தைப் பிடித்திருந்தான். உள்ளங்கை கிழிந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை.

இடைவெளி வழியே கீழே பார்த்தான். மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டு துள்ளின. நேர் கீழே தங்கத்தாய் ஒரு கன்றை அவிழ்க்கக் குனிந்திருந்தாள். அவன் விரலிலிருந்து ரத்தம் அவள் தோளில் சொட்டியது. அவள் நிமிர்ந்தாள்.

"வெளிய ஓடு தாயி!"

"கன்னுக்குட்டி சுருக்குல மாட்டிக்கிட்டுண்ணே!"

"சவத்த விட்டுட்டு ஓடு!"

அவள் ஓடவில்லை. இப்போது அவளுக்கு நிலைமை புரிந்துவிட்டது. "கயித்தப் போடுங்க!" என்று கத்தினாள். இடுப்புக் கயிற்றை அவிழ்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. இடது கையால் அவிழ்த்து, தகரத்தைச் சுற்றிக் குழாய்க்கு அடியில் விட்டான். தங்கத்தாய் அதைப் பிடித்துத் தூணில் நாலு சுற்றுச் சுற்றி, மாடு கட்டுகிற முடிச்சாகப் போட்டுக் காலை ஊன்றி இழுத்துப் பிடித்தாள். மேலே அவன் உடம்பு, கீழே அவள் பிடி. தகரம் இரண்டு மூன்று தரம் உதறிவிட்டு அடங்கியது.

காற்று தணிந்தபோது யஹ்யா அழுதுகொண்டிருந்தான். சாரலில் அது யாருக்கும் தெரியவில்லை. இடது கையாலேயே மிச்சமிருந்த பட்டைகளையும் அடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

கீழே ஆள் கூடியிருந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர் இசக்கிமணி வந்திருந்தார். ஊருக்குள்ளிருந்து சுடலையாண்டி மூச்சிரைக்க ஓடி வந்திருந்தான். பெண்டாட்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு நேரே யஹ்யாவிடம் வந்தான். அவன் கையை விரித்துப் பார்த்து, தன் துண்டைக் கிழித்துக் காயத்தைச் சுற்றத் தொடங்கினான்.

ஜெகதீஸ்வரன் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு தகரம்கூடப் போகவில்லை.

"பாத்தீரா வே?" என்றார் இசக்கிமணியிடம். "புளியறையில ஒரு கூரை மிச்சமில்லங்கான். எனக்கு ஒரு ஆணி அசையல. பாய் அன்னைக்குக் கிழக்க இருந்து தொடங்குதேன்னான். நான்தான் விடல. கன்னி மூலையில தொடங்குனது, அது காப்பாத்திட்டு."

இசக்கிமணி பயபக்தியோடு அந்த மூலையைப் பார்த்தார். "எனக்கும் ஆவணியில ஒரு தொழு போடணும் பாய். இதே மாதிரி கன்னி மூலையில இருந்தே கொண்டாந்துரும்."

யஹ்யாவின் தலை பழக்கத்தில் ஆடப் போயிற்று. வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி மாட்டுக்குப் பக்கத்தில் போன தங்கத்தாயின் தோளில் அவன் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது.

"மாட்டேன்" என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள். அந்தச் சொல் அவனுக்கே புதிதாக இருந்தது. நிறுத்தாமல் சொன்னான். "அந்த மூலையில இருந்து ஏத்துனா ஓரம் பூரா காத்தப் பாத்து நிக்கும் அண்ணாச்சி. இந்தத் தொழு நின்னது மூலையால இல்ல. இப்பம் நான் பட்டை அடிச்சதால. அன்னைக்கு நான் போட்டது தப்பு. போடும்போதே தப்புன்னு தெரியும்."

ஜெகதீஸ்வரனின் முகம் மாறியது. முப்பது வருஷம் ஆட்களை விசாரித்தவர். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரிஞ்சேதானா போட்ட?"

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் இவளை இங்கன வேலைக்குக் கொண்டாந்து விட்டியா?"

அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் ஒளுச் செய்யும்போது நினைவு வந்ததே, அதற்கப்புறம் இத்தனை நாள்? அவனால் தலையைக் குனிய மட்டும்தான் முடிந்தது.

துண்டைச் சுற்றிக்கொண்டிருந்த சுடலையாண்டியின் கை நின்றுவிட்டது.

தங்கத்தாய்தான் முதலில் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் யஹ்யா தாங்கியிருப்பான். அவள் புரியாமல் கேட்பது போலத்தான் கேட்டாள். "தெனமும் வந்து ரோட்டுல நின்னீயளே அண்ணே. பாலு வாங்கிக் குடிச்சீயளே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மாட்ட வெளிய கெட்டிக் கறந்துருப்பேனே."

அவ்வளவு லேசான வழி ஒன்று இருந்தது என்பது யஹ்யாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுடலையாண்டியின் விரல்கள் மறுபடி அசைந்தன. துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, ரத்தம் நிற்கும்படி இறுக்கி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான். கட்டு அவிழாது என்று இழுத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு கையை விட்டான்.

"தையல் போடணும் இதுக்கு. தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றான். "எங்க வீட்டுப் பக்கம் இனிமே வராத."